புகையை நடக்கவிட்ட அடுப்பு

போன மாதம் மதுரையிலிருந்து நாலு பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். மனுஷருடைய கைக்கும் காலுக்கும் தோதாகச் சாமான் செய்வது எப்படி என்று கல்லூரியில் படிக்கிறார்களாம். அதற்கென்று தனிப் படிப்பே இருக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்புதான். நான் கொடைக்கானல் பட்டறையில் மண் குழைத்த காலத்தில் இந்த வேலைக்குப் பெயர்கூடக் கிடையாது.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கேட்டாள். "பாட்டி, ஒரு சாமான் செய்யணும்னா எப்படி யோசிச்சு ஆரம்பிப்பீங்க?"

"யோசிச்செல்லாம் ஆரம்பிக்கிறதில்ல தாயீ. மொதல்ல போயி அவுங்க வீட்டுல ஒக்காருவோம்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு, பள்ளங்கி ஊரில் போட்ட அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இது. எழுதுவது என் மருமகள் சரோஜா. எனக்கு அ, ஆ தெரியாது. நான் பேசுகிறதை அவள் புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். போய்ச் சேர்ந்தவர்களின் வாயைத் திருத்த நமக்கு என்ன உரிமை?

நான் ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்புக்குள் வளர்ந்தவள். கல்யாணம் ஆகி மலைக்கு வந்தபோது வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் இருக்கும். வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வந்தோம். மடியில் ஒரு கூடை கொய்யா. வளைவுக்கு வளைவு வாந்தி. கொடைக்கானல் வந்து இறங்கியபோது கூடையில் கொய்யா இல்லை, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என் மேல் பரிதாபப்பட்டே தின்று தீர்த்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் மாயாண்டிக்கு ஏரியில் படகு துடைக்கிற வேலை. சிவப்புக் கல் வைத்த தோடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார். எப்போது கேட்டாலும் "அடுத்த சீசனுக்கு" என்பார். சீசன் வரும், போகும். என் காதில் வேப்பங்குச்சிதான்.

ஏரிக்கு மேலே, மிஷன்காரர்கள் நடத்திய பட்டறை ஒன்று இருந்தது. மலை ஜனங்கள் புழங்குகிற சாமான்களை இன்னும் சுலபமாகச் செய்ய முடியுமா என்று பார்க்கிற இடம். அங்கே எனக்குக் கூட்டுகிற வேலை கிடைத்தது. பட்டறையை நடத்தியவர் ஞானம் டீச்சர். முன்னால் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்தவர். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேலே முழங்கையில் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர், கொண்டையில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலைத் தேடிக்கொண்டே பாதி நாள் போகும் அவருக்கு.

அவர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மோசம் என்றும் சொன்னதில்லை. யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் ஒரே கேள்விதான்: "இது யாருக்கு?" ஜனங்களுக்கு என்றால் விடமாட்டார். பொம்பளைகளுக்கு என்றாலும் விடமாட்டார். ஒரு ஆளின் பேரைச் சொல்ல வேண்டும். ஊர் சொல்ல வேண்டும். அந்த ஆள் அதைத் தொட்டுப் பார்த்து என்ன சொன்னார் என்று சொல்ல வேண்டும்.

தச்சு மேஸ்திரி சவரிமுத்து ஒருநாள் புதுமாதிரிக் கூடை ஒன்று செய்து வைத்தார். வெள்ளைக்காரர்கள் மலை ஏறும்போது முதுகில் மாட்டுகிற பை மாதிரி, கூடைக்கு இரண்டு தோள்வார். அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்குகிற பாதையில் சுமை தூக்குகிறவர்களுக்காக.

"இது யாருக்கு?"

"அடுக்கம் மொக்கையனுக்கும்மா."

"மொக்கையன் தூக்கினானா?"

"ரெண்டு நாள் தூக்குனான். வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டான். அவிங்களுக்கெல்லாம் நல்லது சொன்னா ஏறாதும்மா."

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்காது. "இத மாட்டிக்கிட்டு சுமதாங்கிக் கல்லுல எப்பிடி எறக்குறதாம்?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். வழியில் ஆள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நிற்கும். தலைச்சுமையை நின்றபடியே அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். திரும்ப நகர்த்தித் தலையில் ஏற்றலாம். உதவிக்கு ஆள் வேண்டாம். முதுகுக் கூடையை அந்தக் கல்லில் வைக்க முடியாது, தரையில்தான் வைக்க வேண்டும். தரையில் வைத்ததைத் தனியாளாகத் தூக்கி மாட்ட மொக்கையனால் ஆகுமா?

டீச்சர் என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி சவரிமுத்து கையில் கொடுத்தார். "நாளையிலேருந்து நீ மண் வேலைக்கு வா வெள்ளையம்மா" என்றார். அன்று ஒருநாள் பட்டறையைக் கூட்டியது சவரிமுத்துதான். அந்தக் கோபம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

அந்தக் கூடை எங்கே போனது என்று கேட்டால், தோற்றுப்போன சாமான் வைக்கிற ‘தோற்ற அலமாரி’க்கு. பட்டறையின் பின் சுவர் முழுக்க ஒரு மர அலமாரி. சரியாக வராத சாமானை உடைக்கவோ எரிக்கவோ கூடாது, அங்கே வைக்க வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் தன்னுடைய தோற்ற சாமானை எடுத்து, எங்கே பிசகினேன் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். செய்தவர் முதலில் சிரிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் சிரிக்கலாம். அது சட்டம். உச்சித் தட்டில் இருந்தது டீச்சர் செய்ததுதான். புல் அறுக்கிறவர்களுக்காக அவர் செய்த குடைத்தொப்பி. முதல் நாளே காற்று அதைத் தூக்க, தொப்பிக்காரர் தாடையில் கட்டிய நாடாவோடு கூடவே நாலு எட்டு ஓடினாராம். அதைச் சொல்லும்போது டீச்சர் தானே ஓடிக் காட்டுவார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அப்படிச் சிரித்த பிறகு, தனக்குத் தோன்றியதைச் சொல்ல யாருக்கும் பயமே இருக்காது.

மற்றவர்கள் காகிதத்தில் படம் போட்டு யோசிப்பார்கள். எனக்குப் பென்சில் பிடித்தால் விரல் மரத்துப்போகும். டீச்சர் ஒரு பிடி மண்ணை என் முன்னால் வைத்தார். "நீ வாயால சொல்லாத. கையால சொல்லு." நான் உள்ளங்கை அளவில் சொப்பு அடுப்பு செய்து காட்டினேன். அன்றிலிருந்து அதுதான் என் காகிதம்.

புகை போக்குகிற அடுப்பு என் கைக்கு வந்தது அப்படித்தான். அடுப்பின் வாயை ஒடுக்கி, பின்னால் ஒரு குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு மேலே விட்டுவிடுகிற அடுப்பு. பஜார் பக்கத்து வீடுகளில் வரிசையாகப் போட்டேன். காதர் பாய் கடையில் கிடைக்கிற தகர டின்னைச் சுருட்டிக் குழாய் ஆக்குவோம். எங்கே போட்டாலும் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இப்போது நினைத்தால் அது தெரிகிறது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா டீச்சரிடம் வந்தார். பள்ளங்கியில் செல்லக்கண்ணு என்று ஒருத்தி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கண் இரண்டும் எப்போதும் சிவந்து, இமை வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து போட்டால் நாலு நாள் தெளிகிறது, அடுப்படிக்குப் போனால் மறுபடி அப்படியே. எதிரே நிற்கிறவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். புகை நின்றால் தெளியும், நிற்காவிட்டால் இன்னொரு குளிர்காலத்துக்குப் பார்வை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டீச்சர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மதுரை கிளம்பிக்கொண்டிருந்தார். "நீ போய்ப் போட்டுட்டு வா. மூணு நாளை மறந்துறாத" என்றார்.

மூன்று நாள் என்பது பட்டறைப் பழக்கம். யாருக்குச் சாமான் செய்கிறோமோ அவர்கள் வீட்டில் முதல் நாள் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். இரண்டாம் நாள் அவர்கள் வேலையை அவர்கள் சாமான் வைத்தே நாம் செய்ய வேண்டும். மூன்றாம் நாள்தான் கேட்கலாம். அதுவும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது, நேற்று என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய் என்றுதான் கேட்க வேண்டும். வேண்டுவதைக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள் என்பார் டீச்சர்.

நான் தலையாட்டினேன். இத்தனை அடுப்புப் போட்டவளுக்கு உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? பள்ளங்கிக்குப் போன அன்றைக்கே மண்ணைக் குழைத்துவிட்டேன்.

செல்லக்கண்ணுவின் மாமியார் கருப்பாயி காட்டுக்குப் போயிருந்தாள். புருஷன் எஸ்டேட் வேலையில் இருந்தான், மாதம் ஒரு தடவைதான் வருவான். அடுப்படி இருட்டுக் குகை மாதிரி இருந்தது. அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் கரி பிடித்துக் கன்னங்கரேல் என்று. குழாய் வைக்க இடைஞ்சலாக இருந்ததால் நான் அதையெல்லாம் இறக்கினேன். இறக்கியதோடு விடவில்லை. ஈரத் துணியால் கரியைத் துடைத்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மூலையில் அழகாக அடுக்கினேன்.

"அக்கா, அந்தப் பூண்டு..." என்று செல்லக்கண்ணு ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. நீ பேசாம இரு. இனிமே ஒங் கண்ணு கண்ணாடியாட்டம் ஆயிரும் பாரு" என்று சொல்லி, ஆயக்குடிக் கொய்யாவில் தொடங்கி என் வீட்டுக்காரர் தோடு வாங்கித் தராதது வரைக்கும் பேசிக்கொண்டே அடுப்பை முடித்தேன். அவளைப் பேசவே விடவில்லை.

ஒரு மாதம் கழித்து நர்ஸம்மா வந்தார். கண் அப்படியேதான் இருக்கிறதாம், இன்னும் கொஞ்சம் மோசமாம். டீச்சர் என்னைத் திட்டவில்லை. "வா, பாத்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். வெள்ளனே கிளம்பினோம். வழி முழுக்க மூடுபனி. நான் காரணம் காரணமாக அடுக்கிக்கொண்டே நடந்தேன். விறகு ஈரமாக இருக்கும், காற்று எதிராக அடிக்கும் என்று. டீச்சர் கொண்டையில் பென்சில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தால் பழைய புகை. என் அடுப்பு இருந்தது. குழாயும் இருந்தது. குழாய்க்குள்ளே ஒரு சாக்குத்துணி இறுக்கமாக அடைக்கப்பட்டிருந்தது. பூண்டு மறுபடியும் மேலே தொங்கியது, ஆனால் முன்பு இருந்ததில் பாதிதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கருப்பாயியைப் பார்த்து, "ஏன் பெரியம்மா, ஒங்க மருமக கண்ணு போனா ஒங்களுக்கு என்னான்னு இருக்கீகளா?" என்று கேட்டே விட்டேன்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆயக்குடிச் சீமாட்டி வந்துட்டாகளா? அந்த மூலையப் போயிப் பாரு."

நான் அழகாக அடுக்கியதில் மேலே ஏற்றியது போக மூலையில் மிஞ்சிய பூண்டு, ஈரத்தில் பாதி பூசணம் பூத்து அழுகியிருந்தது, பாதி பச்சையாக முளைவிட்டிருந்தது. அது விதைப்பூண்டு. அடுத்த போகத்துக்கு மண்ணில் ஊன்ற வைத்திருந்தது. எங்கள் ஊரில் கொய்யாவைப் பறித்தோமா, விற்றோமா என்று இருப்போம். இந்த மலையில் பூண்டைப் புகையில் தொங்கவிட்டுத்தான் காப்பாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. புகை இல்லாவிட்டால் இந்தப் பனியில் பூண்டு நிற்காது. நான் கரி என்று துடைத்தது அதன் காவலை.

"சாக்க அடச்சது அத்தை இல்லக்கா" என்றாள் செல்லக்கண்ணு. "நாந்தான். அத்த வேண்டாம்னுதான் சொன்னுச்சு."

"ஏன்டி இப்பிடிப் பண்ணுன? டாக்டர் சொன்னத மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. கண்ணு போனாலும் தடவித் தடவிச் சோறாக்கிருவேன். வெதப்பூண்டு போச்சுன்னா தடவுறதுக்கு என்ன கெடக்கு?"

அவள் அதை அழாமல் சொன்னாள். தண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, எப்போதும் வழிகிற மாதிரி. டீச்சர் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார். "மொத நாள்" என்றார்.

நான் என் வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களில் அந்த ஒரு நாள் வாய் மூடி இருந்ததைத்தான் முதலில் சொல்வேன். டீச்சர் என் கையில் இரண்டு நூல் கொடுத்தார், ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. எழுதத் தெரியாத எனக்கு அதுதான் நோட்டு. செல்லக்கண்ணு கண்ணைத் துடைத்தால் மஞ்சள் நூலில் ஒரு முடிச்சு. கருப்பாயி அண்ணாந்து பூண்டைப் பார்த்தால் வெள்ளையில் ஒரு முடிச்சு. கிழவி உலைக்கு அரிசி போடும்போது பார்த்தாள். வெற்றிலை மடிக்கும்போது பார்த்தாள். கோழியை விரட்டிக்கொண்டே பார்த்தாள். சாயங்காலம் இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் முடிச்சாகவே இருந்தன. எது கூடுதல் என்று சொல்ல முடியவில்லை.

டீச்சர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒரு நூலுக்கு மட்டும் நீ அடுப்புப் போட்டிருக்க" என்றார். என்னை அங்கேயே விட்டுவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

இரண்டாம் நாள் அந்த அடுப்பில் நான் சமைத்தேன். ஊதி ஊதி என் கண்ணும் அவள் கண் மாதிரி ஆனது. கருப்பாயிக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் திருப்தி. "இப்பத்தேன் நீ எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்க" என்றாள். மூன்றாம் நாள் கேட்டேன். எந்தக் கொத்தை எவ்வளவு உயரத்தில் கட்டுவீர்கள், ஏன் அடுப்புக்கு நேர் மேலே கட்டாமல் தள்ளிக் கட்டுகிறீர்கள் என்று.

"நேரா மேல கட்டுனா வெந்துரும்ல. பூண்டுக்குப் புகதான் வேணும், சூடு ஆகாது" என்றாள் கிழவி. அதைக் காதில் வாங்கினேன், மனசில் வாங்கவில்லை. அது அப்புறம் தெரிந்தது.

பட்டறைக்குத் திரும்பி மண்ணை எடுத்தேன். புகை பெண்ணின் முகத்துக்கு வரக் கூடாது, ஆனால் பூண்டுக்குப் போயே ஆக வேண்டும். அப்படியானால் பூண்டுக்குத் தனி வீடு கட்ட வேண்டியதுதான். பரணில் நாலு பக்கமும் அடைத்த ஒரு கூண்டு. அடுப்பிலிருந்து புகை குழாய் வழியாகக் கூண்டுக்குள் போகும், பூண்டைச் சுற்றிவிட்டு ஓட்டுக்கு அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போகும். சொப்பு அளவில் செய்து, அடுப்பு வாய்க்குள் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தேன்.

சவரிமுத்து எட்டிப் பார்த்தார். "என்ன, சொப்பு வச்சுச் சோறாக்குறியா? எனக்கும் ரெண்டு பருக்க போடு."

"ஒங்களுக்குக் கூட்டுற சோலி கெடக்கு. போயிப் பாருங்க."

சிரித்துவிட்டார். அந்த விளக்குமாற்றுக் கோபம் அன்றோடு தீர்ந்தது. ஊதுபத்திப் புகை மேலே போகாமல் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் முட்டி போட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "உள்ள வார வாசல் பெருசு, வெளிய போற வாசல் சிறுசு. கலியாண வீட்டுல கூட்டம் முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்குது பாரு." வெளி ஓட்டையை ஆணியால் பெரிதாக்கினார். புகை சரேலென்று மேலே போனது. கூண்டுக்கு மூங்கில் பிளந்து தட்டி பின்னிக் கொடுத்ததும் அவர்தான்.

டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார். "அவுங்க பூண்ட வைக்காத. நம்ம பூண்டு ரெண்டு கொத்து வாங்கி வச்சுப் பாரு."

நல்லவேளை சொன்னார். பள்ளங்கியில் கூண்டைக் கட்டி அடுப்பை மூட்டிய அன்று, அடுப்படியில் புகை இல்லை. செல்லக்கண்ணு கண்ணைத் துடைக்கவில்லை. நான் மனசுக்குள் கும்மி அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பூண்டு வறுத்த வாசனை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, "என்ன கருப்பாயி, விருந்தாளி வந்திருக்காகளா? கோழியா?" என்று கேட்டாள். கூண்டைத் திறந்தால் இரண்டு கொத்தும் வெந்து நெக்குவிட்டிருந்தன. சூடு ஆகாது என்று கிழவி சொன்னது அப்போதுதான் என் மனசுக்குள் இறங்கியது. அந்தப் பூண்டை அன்றைக்கு ரசத்தில் போட்டுக் குடித்தோம். ரசம் பிரமாதமாக இருந்தது. அதற்காக அடுப்பு பிரமாதம் என்று சொல்ல முடியாதே.

எனக்குச் சோர்வாகிவிட்டது. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை இடித்துக் கட்ட வேண்டும், இதுவும் தோற்றால் இந்தப் பெண் மறுபடியும் சாக்கைத் தேடுவாள். கருப்பாயி தன் படுக்கையில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்படிச் சுவரை ஒட்டி மண்ணால் கட்டிய மேடை அது.

"நீ வந்து அடுப்புப் போட்டதுலருந்து வீடு சில்லுனு கெடக்கு" என்றாள். "முன்ன புகையாச்சும் கதகதன்னு சுத்தும். இப்ப அதையும் வெரசா மேல பத்தி விட்டுர்ற."

கிழவி காலை இன்னும் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் புகைக்கு அப்பிடி என்ன அவசரம்? கொஞ்சம் நடக்க விட்டுக் கூட்டிட்டுப் போனாத்தேன் என்ன? நடந்து போனா அதுக்கும் சூடு அடங்கும். நடக்குறதுதேன் நடக்குது, எங் கால்மாட்டு வழியா நடக்கட்டும்."

செல்லக்கண்ணு சிரித்துவிட்டாள். "அத்தைக்கு எப்பவும் அத்த காலுதான்."

நான் சிரிக்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கிழவி முன்னால் உட்கார்ந்தேன். அடுப்பு இங்கே. படுக்கை மேடை இங்கே. மேடைக்கு அடியில் கல் பாவி ஒரு வழி. அடுப்பிலிருந்து லேசாக ஏறுமுகமாக வைத்தால் புகை மேடையின் அடியில் நடந்து, சுவர் ஓரமாக ஏறி, அந்தப் பக்கத்திலிருந்து கூண்டுக்குள் போகும். கிழவி குனிந்து பார்த்து, தன் விரலால் அந்த வழியை இன்னும் கொஞ்சம் வளைத்தாள், கால் மட்டும் இல்லாமல் இடுப்புக்கும் சூடு கிடைக்கிற மாதிரி. கரி அடைத்தால் வழிக்க ஒரு வாய் வேண்டுமே என்று செல்லக்கண்ணு சொன்னாள். கிட்டே வைத்துப் பார்க்க முடியாததால் தொட்டுத் தொட்டே எந்த இடத்தில் என்று காட்டினாள். அந்த வாய்க்கு ஒரு கல் மூடி போட்டோம்.

மறுபடி எங்கள் பூண்டு இரண்டு கொத்து. ஒரு வாரம் கூண்டுக்குள். வேகவில்லை, முளைக்கவில்லை, அழகாகக் கரி பிடித்திருந்தது. அதற்குப் பிறகுதான் மிஞ்சியிருந்த விதைப்பூண்டைக் கருப்பாயி தன் கையால் ஏற்றினாள். அழுகிப்போன பாதிக்குப் பட்டறையிலிருந்து விதை வாங்கிக் கொடுத்தோம். அது என்னால் போனது. டீச்சர் சொல்வதற்கு முன்னால் நானே கேட்டு வாங்கினேன்.

டீச்சர் பார்க்க வந்தார். அடுப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இது யாருக்கு?"

"செல்லக்கண்ணு கண்ணுக்கும்மா. கருப்பாயி இடுப்புக்கு. ரெண்டு பேரு பூண்டுக்கும்."

தலையை ஆட்டிவிட்டு, கால் வலிக்கிறது என்று மேடையில் உட்கார்ந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார், பென்சில் கொண்டையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. எழுப்பாதே என்று கிழவி சைகை காட்டித் தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று டீச்சர் எனக்கு வாயால் சொன்னதே இல்லை. எனக்கு அது போதும்.

தோற்ற அலமாரிக்கு நான் அந்தச் சாக்குத்துணியைக் கொண்டுபோய் வைத்தேன். சனிக்கிழமை அதைக் கையில் பிடித்து, பூண்டைத் துடைத்த கதையைச் சொல்லி, நானே முதலில் சிரித்தேன். சவரிமுத்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பள்ளங்கியில் ஒவ்வொரு வீடாக அந்த அடுப்பைக் கேட்டார்கள். கருப்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. "நாஞ் சொன்னேன், அந்த ஆயக்குடிக்காரி மண்ணு குழச்சா" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லுவாள். முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அப்புறம் யோசித்தால், அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டில் படுக்கை மேடை வேறு பக்கம் இருந்தது, அங்கே அவர்கள் ஒரு மாதிரி வளைத்தார்கள். மூன்றாவது வீட்டில் கோழிக்கூண்டுக்கும் கொஞ்சம் சூட்டைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஒன்றையும் தடுக்கவில்லை. என் கையில் மண்ணைக் கொடுத்த மாதிரி அவர்கள் கையில் நான் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் போய்விட்டது. நர்ஸம்மாவை மாற்றிவிட்டார்கள், அதனால் கண் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கும் நடுவில் மூத்தவன் வயிற்றில் தங்கிவிட்டான், மலைப்பாதையில் நடக்க விடவில்லை. எல்லாம் முடிந்து, பூண்டு ஊன்றுகிற நேரத்தில்தான் மறுபடி பள்ளங்கிக்குப் போனேன். அடுப்பில் கரி வழிக்கிறார்களா, கல் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன். வேறு எதையும் நினைக்கப் பயமாக இருந்தது.

கடைசித் திருப்பத்தில் படிப்படியாகப் பூண்டுக் காடு தெரிந்தது. மேல் தட்டில் பெண்கள் வரிசையாகக் குனிந்து பூண்டுப் பல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பாதையில் நின்றேன். கூப்பிடவில்லை. செல்லக்கண்ணு யார் என்றுகூட எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வரிசையில் ஒருத்தி நிமிர்ந்தாள், மண் கையை நெற்றிக்கு மேலே குடை பிடித்துக் கீழே பார்த்தாள்.

"யாரு, ஆயக்குடி அக்காவா?" என்றாள். அப்புறம் குரலை இன்னும் உயர்த்தினாள். "ஏக்கா, காதுல புதுத் தோடா? மாமா வாங்கிக் குடுத்துட்டாரா? கல்லு செவப்பா இருக்கு!"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.